கவிதையில் அணி காண்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழி

தமிழில் அணிகளை, அதாவது பாடலுக்கு அழகு சேர்க்கும் உத்திகளை, படிக்கத் தொடங்குகிறவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு பட்டியல். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல், பொருளணி என்ற வகையில் மட்டும் 35 அணிகளைச் சொல்கிறது. அவற்றின் இலக்கணத்தையும் எடுத்துக்காட்டுகளையும் பாடம் செய்துவிடலாம். ஆனால் இதுவரை பார்த்திராத ஒரு பாடலைக் கொடுத்ததும் திகைப்பு வந்துவிடும். பெயர்கள் தெரிந்திருக்கும், எங்கே பார்ப்பது என்பது தெரியாது.

எனவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய பாடலை எடுத்து, அதில் என்ன நடக்கிறது என்று முழுதாகப் பாருங்கள். அணியின் பெயரைக் கடைசியில் சூட்டினால் போதும். இப்படி நான்கைந்து பாடல்களைப் பார்த்த பிறகு அந்தப் பட்டியலுக்குத் திரும்பினால், அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் நீங்கள் ஏற்கெனவே சந்தித்த ஒன்றாக இருக்கும்.

தொடங்குவதற்குச் சங்கப் பாடல் தொகுப்பான குறுந்தொகையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். ஆலங்குடி வங்கனார் பாடிய எட்டாம் பாடலை எடுத்துக்கொள்வோம்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

முதலில் சொல்லைப் பிரியுங்கள்

பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் பென்சிலை எடுத்துச் சொற்களைப் பிரியுங்கள். ‘விளைந்துகு’ என்பது விளைந்து, உகு. உகுதல் என்றால் உதிர்தல். ‘தீம்பழம்’ இனிய பழம். ‘கதூஉம்’ கவ்வும். ‘ஆடி’ கண்ணாடி. ‘எம்மில்’ எங்கள் வீட்டில், ‘தம்மில்’ தம் வீட்டில். ‘மேவன’ விரும்பியவை.

அடுத்து, வாக்கியத்தின் வினைமுற்று எங்கே என்று தேடுங்கள். சங்கப் பாடல் பலவும் ஒரே வாக்கியம்தான். இந்தப் பாடலின் முதல் இரண்டு அடிகளும் ‘ஊரன்’ என்ற ஒரு சொல்லுக்கு அடை. அந்த ஊரன் என்ன செய்தான்? எங்கள் வீட்டில் பெருமொழி கூறினான், தன் வீட்டில் மேவன செய்கிறான். எலும்புக்கூடு இவ்வளவுதான். உ.வே.சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பதவுரைக்குப் பிறகு ‘முடிபு’ என்று ஒரு பகுதி வரும். எந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது என்பதை அதில் ஒரே வரியில் காட்டியிருப்பார். தொடங்குகிறவருக்கு அந்தப் பதிப்பில் மிகவும் பயன்படுவது இதுதான் என்பேன். முதலில் நீங்களே ஒரு முடிபு எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அவருடையதோடு ஒப்பிடுங்கள்.

இனி உரைநடையில் சொல்லலாம்: வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரை உடையவன் அவன். எங்கள் வீட்டில் இருந்தபோது பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசினான். தன் வீட்டிலோ, முன்னால் நிற்பவர் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பாவை போல, தன் மகனுடைய தாய்க்கு அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

யார் சொல்கிறார், யார் கேட்கிறார்

காதல் வாழ்வைச் சொல்லும் அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ தலைவனோ செவிலியோ பரத்தையோ பேசுவார்கள். இதைக் கூற்று என்பார்கள். பாடலுக்குக் கீழே, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு இருக்கும். நம் பாடலில் பேசுகிறவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிச் செல்லும் பெண். தலைவி தன்னை இகழ்ந்து பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள்.

இது தெரிந்ததும் பாடல் சூடாகிவிடுகிறது. ‘மனைவி’ என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்வது ‘தன் புதல்வன் தாய்’. அவன் விரும்பும் பெண் என்ற இடத்தைத் தலைவிக்குத் தராமல், பிள்ளை பெற்றவள் என்ற இடத்தை மட்டும் தருகிறாள். எந்த அணி இலக்கணத்திலும் இதற்குத் தனிப் பெயர் தேட வேண்டாம். ஆனால் நயம் என்று எழுதும்போது முதலில் எழுத வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கூற்றுக் குறிப்புகள் பாடலைப் பாடியவரே எழுதியவை அல்ல, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதே ஆய்வாளர் பலருடைய கருத்து. எனவே அவற்றைக் கைவிளக்காகக் கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. முதலில் குறிப்பைக் கையால் மூடிக்கொண்டு ‘எம்மில்’, ‘புதல்வன் தாய்’ போன்ற சொற்களை வைத்துப் பேசுகிறவர் யார் என்று நீங்களே ஊகியுங்கள்.

உவமையை நான்காகப் பிரிப்பது

வெளிப்படையாகத் தெரிகிற உவமையை இப்போது எடுக்கலாம். உவமை, பொருள், உவம உருபு, பொதுத்தன்மை என நான்கையும் எழுதுங்கள். கண்ணாடிப் பாவை உவமை. ஊரன் பொருள். ‘போல’ உருபு. பொதுத்தன்மை? பெரும்பாலோர் இங்கேதான் ‘இரண்டும் ஒன்று போல இருக்கின்றன’ என்று எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடமே இதுதான். கண்ணாடிப் பாவைக்குச் சொந்த விருப்பம் கிடையாது. எதிரில் நிற்பவர் அசைந்தால்தான் அது அசையும். பரத்தையின் வீட்டில் அவ்வளவு வீரம் பேசியவன் சொந்த வீட்டில் இப்படி ஆகிவிட்டான் என்பதே அவளுடைய ஏளனம்.

உவமை எந்த அடிப்படையில் வரும் என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு கூறுகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். ஆடிப்பாவை வினை பற்றி வந்த உவமை. எந்த உவமையைப் பார்த்தாலும் இந்த நான்கில் எது என்று கேளுங்கள், பொதுத்தன்மை தானே வெளியே வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உவமையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறுந்தொகை 40-ஆம் பாடலில் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே’ என்று வருகிறது. அங்கே பாலும் நீரும் போல என்று வைத்தால் என்ன போகிறது? கலப்பு போகாது. ஆனால் மழை வானத்தது, செம்மண் நிலத்தது, இரண்டுக்கும் முன் உறவு கிடையாது என்பது போய்விடும். அந்தப் பாடலின் முதல் மூன்று அடிகள் கேட்பதே அந்த உறவைத்தான்: என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம்? உவமை அந்தக் கேள்விகளுக்கு விடையாக வந்து நிற்கிறது. பாடியவர் பெயர் கிடைக்காமல், அவரைச் செம்புலப் பெயல்நீரார் என்று உவமையைக் கொண்டே அழைத்துவிட்டார்கள்.

சொல்லாமல் விட்ட ஒப்புமை

பரத்தையின் பாடலில் மாம்பழமும் வாளைமீனும் எதற்கு? ஊர் வளத்தைச் சொல்ல என்று பதில் எழுதினால் பாதி மதிப்பெண்தான். திணை, அதாவது நிலத்தையும் அதற்குரிய காதல் நிலையையும் சேர்த்துச் சொல்லும் பகுப்பு, இங்கே உதவும். வயல், பொய்கை, மாமரம், வாளை எல்லாம் வயல் சார்ந்த மருத நிலத்துக் கருப்பொருள்கள். மருதத்தின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய காதல் நிலை, ஊடலும் ஊடல் நிமித்தமும். தலைவனை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலிருந்தே பல நேரம் திணையைப் பிடித்துவிடலாம். ஊரன் என்றால் மருதம், துறைவன், சேர்ப்பன் என்றால் நெய்தல், மலைநாடன், வெற்பன் என்றால் குறிஞ்சி.

இப்போது காட்சியைக் கதையோடு பொருத்துங்கள். வாளை பழத்துக்காக மரம் ஏறவில்லை, எந்த முயற்சியும் செய்யவில்லை. பழம் தானாக விழுந்தது, மீன் கவ்வியது. பரத்தை சொல்ல வருவது இதுதான்: நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்து விழுந்தான். இந்தப் பொருளுக்கு ‘போல’ என்ற உருபு கிடையாது. காட்சி மட்டும் வெளியே நிற்கிறது, பொருள் உள்ளே உறைகிறது. இதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர். ஒரே பாடலில் ஒப்புமை இரண்டு விதமாக வருவதைக் கவனியுங்கள். அவனை ஏளனம் செய்யும்போது வெளிப்படையான உவமை, தன்னைக் காத்துக்கொள்ளும்போது மறைவான உள்ளுறை. பொது இடத்தில் பேசுகிற ஒருத்திக்கு இந்த இரண்டும் தேவைப்படுகின்றன.

உள்ளுறை தேடும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். காட்சியில் வரும் ஒவ்வொன்றுக்கும் கதையில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். செயலைப் பிடியுங்கள். இங்கே உதிர்வதும் கவ்வுவதும். வயல் யார், குளம் யார் என்று போனால் பாடல் விடுகதையாகிவிடும்.

ஓசை பொருளோடு சேருமிடம்

முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை, இறுதி ஒன்றுவது இயைபு. மோனையில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ ஒன்றுக்கொன்று மோனையாகும். எதுகைக்கு முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இலக்கணம் இவ்வளவே. அடிக்கோடிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது, அந்த ஓசை அங்கே என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

‘கழனி’, ‘பழன’. முதல் இரண்டு அடிகளின் தொடக்கம், இரண்டிலும் இரண்டாம் எழுத்து ழ. ஒன்று மரம் நிற்கும் இடம், மற்றது மீன் வாழும் இடம். பழம் இங்கிருந்து அங்கே விழுகிறது, ஓசையும் இங்கிருந்து அங்கே போகிறது. மூன்றாம் அடியில் ‘எம்மில்’ தொடக்கத்திலும் ‘தம்மில்’ முடிவிலும் நிற்கின்றன. ஒலி ஒன்று, வீடு இரண்டு. அவன் இரு வீட்டிலும் இரு விதமாக நடந்துகொள்வதை அந்த ஓர் அடியின் இரு முனைகள் காட்டிவிடுகின்றன. நான்காம் அடியின் ‘தூக்கத் தூக்கும்’ கண்ணாடியேதான். முதல் ‘தூக்க’ எதிரில் நிற்பவர் செய்வது, அடுத்தது பாவை செய்வது.

யாப்பையும் ஒரு பார்வை பாருங்கள். மற்ற அடிகளில் நான்கு சீர் (ஓர் அடியின் ஓசைப் பகுதி), ‘ஆடிப் பாவை போல’ என்ற அடியில் மட்டும் மூன்று. நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் கடைசிக்கு முந்தைய அடி இப்படிக் குறைந்து வரும். ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்பதும் அதே இடத்தில், அதே மூன்று சீர். வாய்விட்டுப் படிக்கும்போது அங்கே மூச்சு சற்றே நிற்கிறது. உவமை அந்த இடைவெளியில் வந்து விழுந்து, கடைசி அடி அதை ஏந்திக்கொள்கிறது. எல்லாப் பாடலிலும் உவமை அங்கேதான் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறுகிய அடியைத் தனியே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

குழப்பும் அணிகள்

ஒரு பாடலை இவ்வளவு பார்த்த பிறகு பெயர்களுக்கு வரலாம். திருக்குறள் இதற்கு வசதி, ஏழே சீரில் ஓர் அணி. அதிகம் குழப்பமாவது உவமை, எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல் மூன்றும். இரண்டு கேள்விகளில் பிரித்துவிடலாம். உவம உருபு இருக்கிறதா? பொருள் சொல்லப்பட்டிருக்கிறதா?

உருபும் பொருளும் இருந்தால் உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு’ என்பதில் எழுத்தும் இருக்கிறது, உலகும் இருக்கிறது, இடையில் ‘அதுபோல’ என்ற உருபு இல்லை. ஆகவே எடுத்துக்காட்டு உவமை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் / சால மிகுத்துப் பெயின்’ என்பதில் மயிலிறகு ஏற்றிய வண்டி மட்டும்தான் இருக்கிறது. மென்மையான மயிலிறகானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது குறள். எதற்குச் சொல்கிறார் என்பது குறளுக்குள் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் வருவதால், எளிய பகைவரானாலும் பலர் சேர்ந்தால் வலியவனும் தாங்கமாட்டான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இது பிறிது மொழிதல். ஆகவே குறளில் அணி பார்க்கும்போது அதிகாரத் தலைப்பைப் பார்க்காமல் விடாதீர்கள்.

உவமைத்தொகைக்கும் உருவகத்துக்கும் சொல் வரிசையே அடையாளம். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளில் பிறவி கடலாகிறது. ஆனால் இறைவன் அடியைத் தெப்பம் என்று உருவகம் செய்யவில்லை, ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டுவிடுகிறது. அதனால் ஏகதேச உருவகம். ‘தேவர் அனையர் கயவர்’ என்று புகழ்வது போலத் தொடங்கி, அவர்களும் மனம்போன போக்கில் நடப்பவர்கள் என்று முடிக்கும்போது வஞ்சப்புகழ்ச்சி. மற்றவற்றை இதே போலக் குறளை வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

தற்குறிப்பேற்ற அணிக்கு மட்டும் சிலப்பதிகாரத்துக்குப் போங்கள். புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகள் சொல்கிறார்: ‘வாரல் என்பனபோல் மறித்துக் கைகாட்ட’. வராதீர்கள் என்று கைகாட்டுவது போல. இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். எடுத்துக்காட்டாக எல்லாரும் தருவது இந்தக் கொடிதான். அதே காதையில் சற்று முன்னால் இன்னொன்று இருக்கிறது, எனக்கு அது இன்னும் பிடிக்கும். வையை ஆறு, கண்ணகிக்கு வரப்போவதைத் தான் அறிந்தவள் போல, மலராடையைப் போர்த்துக்கொண்டு கண் நிறைந்த நீரை மறைத்துக்கொள்கிறாள். ஆற்றின் மேல் பூக்கள் மிதப்பது இயல்பு, அழுகையை மறைப்பது கவிஞர் ஏற்றியது. உங்கள் விடையில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதினால் அணி விளக்கம் தெளிவாக இருக்கும்.

புதிய கவிதைக்கு வரும்போது

பாரதியின் அக்கினிக் குஞ்சை எடுத்துக்கொண்டால் பழைய பெயர்கள் கொஞ்ச தூரம்தான் வரும். ‘அக்கினிக் குஞ்சு’ உருவகம், சரி. ஆனால் அது எதைக் குறிக்கிறது? விடுதலை வேட்கையா, அறிவா, கவிதையா? பிறிது மொழிதலில் அதிகாரம் வந்து பொருளை ஒன்றாக மூடிவிடும். இங்கே அப்படி மூட ஒன்றும் கிடையாது. இதைக் குறியீடு என்கிறோம். தேர்வுக்கு ஒரே பொருளை எழுதி முடிக்க வேண்டுமே என்று பதற வேண்டாம். பாடலில் உள்ள எந்தச் சொல் உங்கள் பொருளுக்கு இடம் தருகிறது என்று காட்டினால் போதும்.

சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள். குஞ்சைப் பொந்தில் வைத்தேன் என்கிறார், அடுத்த அடியிலேயே ‘வெந்து தணிந்தது காடு’. காடு எரிந்துகொண்டிருக்கும் காட்சி கிடையாது. எரிந்து அணைந்த பிறகுதான் நமக்குச் செய்தி வருகிறது. அந்தத் தாவலும், இறுதியில் வரும் ‘தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்’ என்ற தாளச் சொற்கட்டும்தான் அந்தச் சிறு பாடலின் வேகம்.

எழுதிப் பார்ப்பது

பள்ளித் தேர்வில் அணி இலக்கணம், எடுத்துக்காட்டு, விளக்கம், அணிப்பொருத்தம் என்ற வரிசையில் எழுதச் சொல்வார்கள். அந்த வரிசையில் குற்றமில்லை. ஆனால் குறிப்பேட்டில் அணிப்பொருத்தத்தை, அதாவது அந்த அணி பாடலில் எப்படிப் பொருந்துகிறது என்பதை, முதலில் எழுதிப் பழகுங்கள், இரண்டே வாக்கியமாக. ‘இதில் உவமையணி வந்துள்ளது’ என்பது வாக்கியம்தான், செய்தி அல்ல. ‘வீட்டில் அவனுக்கென்று ஒரு விருப்பமும் இல்லை என்பதை, தானாக அசையாத கண்ணாடிப் பாவை காட்டுகிறது’ என்பது செய்தி. இது வந்துவிட்டால் இலக்கணத்தைச் சேர்ப்பது எளிது.

மூலப் பாடல்களுக்குச் செலவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் குறுந்தொகையும் குறளும் சிலம்பும் கிடைக்கின்றன. உரையைத் திறப்பதற்கு முன் பாடலோடு தனியாகச் சற்று நேரம் இருங்கள்.

அடுத்த பயிற்சிக்குக் கபிலரின் குறுந்தொகை 25:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தலைவி தோழியிடம் சொல்கிறாள். ‘தாள்’ தண்டு, ‘ஆரல்’ ஒரு மீன், ‘மணந்த ஞான்று’ கூடிய பொழுது. ‘யாரும் இல்லை’ என்று தொடங்கிய பாடல் ‘குருகும் உண்டு’ என்று முடிகிறதே, அந்த முரண் எதற்கு? தினைத்தாள் உவமை வினையா, பயனா, மெய்யா, உருவா? மூன்று சீர் அடி எது? சாட்சியாக நின்ற குருகின் கண் அப்போது எதன் மேல் இருந்தது, அதைத் தலைவி ஏன் சொல்கிறாள்? இவற்றுக்கு உங்கள் விடையை எழுதிவிட்டு, அதன் பிறகு உரையைப் பாருங்கள்.